இடுப்பில் ஒரு சின்னக் கத்தி... கடலுக்குப் போறவங்க எதைத் தேர்ந்தெடுக்கணும்? சட்டம் என்ன சொல்லுது?

படகிலிருந்து வலை கடலில் இறங்கிக்கொண்டிருக்கிறது. கயிற்றின் ஒரு சுற்று காலில் மாட்டிக்கொள்கிறது. படகு முன்னால் போகிறது, வலை பின்னால் இழுக்கிறது. மாட்டியவர் கடலுக்குள் போகாமல் தப்பிக்க அவருக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். அந்த நேரத்தில் கத்தி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. இடுப்பிலா, இல்லை அணியத்தில் கிடக்கும் பெட்டிக்குள்ளா?

பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கும் தங்கச்சிமடத்தில் பல குடும்பங்களுக்குக் கடல்தான் பிழைப்பு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. விசைப்படகு, நாட்டுப்படகு, ஃபைபர் படகு, பாசி எடுப்பது, பாசி வளர்ப்பது என எந்த வேலையாக இருந்தாலும் கயிறும் நரம்பும் இல்லாமல் நடக்காது. கயிறு இருக்கும் இடத்தில் கத்தியும் வேண்டும்.

ஆனால் எந்தக் கத்தி? ஆன்லைனில் தேடினால் காட்டுக்குப் போகிறவர்களுக்கான கத்தி, ராணுவக் கத்தி, கழுத்தில் தொங்கவிடும் கத்தி என்று விதவிதமாக வருகிறது. பார்க்க மிரட்டலாக இருப்பதெல்லாம் கடலில் உதவாது. அதே கத்தியோடு கரையில் நடந்தால் வேறு சிக்கலும் வரும். இரண்டையும் பார்ப்போம்.

மடக்குக் கத்தி ஏன் சரிவராது?

மடக்குக் கத்தி பாக்கெட்டில் அடங்கும், பாதுகாப்பாகவும் தெரியும். ஆனால் விரிக்கப் பெரும்பாலும் இரண்டு கை வேண்டும். கயிறு இழுக்கும்போது ஒரு கை படகின் விளிம்பைப் பிடித்திருக்கும், மிச்சம் இருப்பது ஒரே கைதான். அதோடு உப்பும் மணலும் மீன் செதிலும் கீல் பகுதிக்குள் போய் இறுகிவிடும். தேவைப்படும் நேரத்தில் கத்தி திறக்காது.

மடங்காத கத்தியில் கீல் கிடையாது. உறையிலிருந்து உருவினால் வேலைக்குத் தயார். அதனால்தான் கடல் வேலைக்கும் முக்குளிப்புக்கும் உலகம் முழுக்க இந்த வகையைப் பரிந்துரைக்கிறார்கள்.

எவ்வளவு நீளம் போதும்?

கயிறு, வலை, நரம்பு அறுக்க 3 முதல் 4 அங்குல அலகு போதும். அதாவது 7.5 முதல் 10 செ.மீ. அதற்கு மேல் நீண்டால் குனியும்போது தொடையில் குத்தும், வலையில் மாட்டும். அலகின் தடிமன் 2.5 முதல் 3 மி.மீ இருந்தால் வளையாது, கனமாகவும் இருக்காது.

கத்தி இடுப்போடு ஒட்டி, வெளியே துருத்தாமல் இருக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் மறைப்பதற்காக இல்லை. துருத்திக்கொண்டிருக்கும் பிடியில் வலைக்கண் மாட்டினால், ஆளைக் காப்பாற்ற வேண்டிய கத்தியே ஆளை இழுத்துவிடும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடும் கத்தியைப் படகில் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். அந்தக் கயிறு வலையில் சிக்கினால் கழுத்தை இறுக்கும்.

முனை கூர்மையா இருக்கணுமா?

வேண்டாம். பலரும் தவறு செய்வது இங்கேதான். கூர் முனை குத்துவதற்கு உதவும். படகில் குத்த வேண்டிய வேலை குறைவு, அறுக்க வேண்டிய வேலைதான் அதிகம். அலையில் படகு ஆடும்போது, ஈரக் கையில் கூர் முனைக் கத்தி வைத்திருப்பவர் தன் காலையோ பக்கத்தில் இருப்பவரையோ குத்திவிடலாம். பாய்மரக் கப்பல் காலத்திலேயே கப்பல் ஆட்கள் முனை மழுங்கிய கத்தியைப் பயன்படுத்தியதற்கு இதுவும் ஒரு காரணம்.

முனை மழுங்கியிருந்தால் இன்னொரு வசதியும் உண்டு. காலில் இறுகிய கயிற்றுக்கும் தோலுக்கும் நடுவே கத்தியைச் செருகி, சதையைக் கிழிக்காமல் அறுக்கலாம்.

வாய் சாதாரணமா, பல்லு வச்சதா?

தடித்த நைலான் கயிறு, பாலிப்ரொப்பிலீன் கயிறு ஆகியவற்றை ரம்பம் போலப் பல் வைத்த வாய் வேகமாக அறுக்கும். வழவழப்பான கயிற்றில் சாதாரண வாய் வழுக்கும், பல் பிடித்துக்கொள்ளும். ஆனால் பல் மழுங்கினால் வீட்டுச் சாணைக்கல்லில் தீட்டுவது கஷ்டம். மெல்லிய நரம்பு வலைக்குச் சாதாரண வாயே நன்றாக வேலை செய்யும்.

அதனால் பிடியை ஒட்டிய பாதி பல்லாகவும், முன்பாதி சாதாரண வாயாகவும் உள்ள கத்தி படகுக்குப் பொருத்தம். கிடைக்காவிட்டால் நன்றாகத் தீட்டிய சாதாரண வாய் போதும்.

ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. விசைப்படகில் இழுவை மடியை இழுப்பது இரும்பு வயர் ரோப். அதைச் சின்னக் கத்தி அறுக்காது. அங்கே ஆள் மாட்டினால் வின்ச்சை நிறுத்துவதுதான் ஒரே வழி. வின்ச் பக்கத்தில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா, பட்டறைக் கத்தியா?

கொல்லர் பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கும் கத்தி நன்றாக வெட்டும், எளிதில் தீட்டலாம், உடைந்தாலும் ஊரிலேயே சரிசெய்யலாம். குறை ஒன்றுதான். அது கார்பன் ஸ்டீல், உப்புத் தண்ணீரில் ஒரே நாளில் துரு ஏறும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குரோமியம் கலந்திருப்பதால் துரு மெதுவாகத்தான் வரும். ஆனால் வராமல் போகாது. கடல்நீரில் உள்ள குளோரைடு சின்னச் சின்னக் குழிகளாக அரிக்கும். பாத்திரம் செய்யும் 304 ரக ஸ்டீலில் கத்தி செய்தால் துரு குறைவு, ஆனால் அது கடினமாகாது என்பதால் கூர் நிற்காது. 420, 440 போன்ற ரகங்கள் கத்திக்கென்றே கடினமாக்கப்படுபவை. எச்1, எல்சி200என் போன்ற நைட்ரஜன் கலந்த ஸ்டீல்கள் கடல்நீரை நன்றாகத் தாங்கும், விலை அதிகம்.

எது வாங்கினாலும் பராமரிப்பு ஒன்றுதான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். தினமும் கழுவும் பட்டறைக் கத்தி, கழுவாமல் போட்ட விலை உயர்ந்த கத்தியைவிட அதிக நாள் உழைக்கும்.

பிடியும் உறையும் எப்படி இருக்கணும்?

பிடி: அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடியிருக்க வேண்டும். பாதியில் நின்றால் அழுத்தி அறுக்கும்போது உடையலாம். சொரசொரப்பான ரப்பர் பிடி ஈரக் கையில் வழுக்காது. ஆரஞ்சு, மஞ்சள் போன்ற பளிச் நிறம் என்றால் வலைக் குவியலில் விழுந்தாலும் கண்ணில் படும்.

உறை: தோல் உறை உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே கத்தி துருப்பிடிக்கும். அடியில் தண்ணீர் வடியும் துளை உள்ள பிளாஸ்டிக் உறை நல்லது. கத்தியை உறையில் போட்டுத் தலைகீழாக உதறிப் பார்க்க வேண்டும். விழுந்தால் அந்த உறை வேண்டாம்.

இடம்: முன் இடுப்பில், நடுவில். வலது கை மாட்டினால் இடது கையும், இடது கை மாட்டினால் வலது கையும் எட்ட வேண்டும். முதுகுப் பக்கம் செருகினால் எட்டாது. லைஃப் ஜாக்கெட் போடுபவர்கள் அதன் நெஞ்சுப் பகுதியில் உறையைக் கட்டலாம். கரையில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் மாறி மாறி உருவிப் பழகுவது நல்லது.

மாட்டிக்கிட்டா முதலில் என்ன செய்யணும்?

முதலில் சத்தம் போட்டு இன்ஜினை நிறுத்தச் சொல்ல வேண்டும். அடுத்து, இழுக்கும் வலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள கயிற்றை அறுக்க வேண்டும். கத்தியின் வாய் உடலுக்கு எதிர்ப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். இறுகிய கயிறு அறுந்ததும் சாட்டை போல அடிக்கும். அதன் நேர்க்கோட்டில் மற்றவர்கள் நிற்கக் கூடாது. வலை போனால் வேறு வலை வாங்கலாம் என்பதைப் படகில் எல்லாரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தால், அந்த நொடியில் யாரும் தயங்க மாட்டார்கள்.

புரொப்பெல்லரில் கயிறு சுற்றிக்கொண்டால், இன்ஜின் முழுதாக நின்ற பிறகே கத்தியோடு தண்ணீரில் இறங்க வேண்டும். மேலே ஒருவர் இன்ஜின் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

ஆவுளியாவுக்கும் இந்தக் கத்திதான்

மாட்டுவது மனிதர்கள் மட்டுமில்லை. பாக் நீரிணையில் 2022 செப்டம்பரில் 448 சதுர கி.மீ பரப்பு கடற்பசு பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆவுளியா என்று அழைக்கப்படும் கடற்பசு மூச்சுவிடச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்தாக வேண்டும். கடல் ஆமைக்கும் காற்று வேண்டும். வலையில் சிக்கினால் மூச்சுத் திணறிச் செத்துவிடும். இந்தக் கடலோரத்தில் மீனவர்கள் வலையை அறுத்துக் கடற்பசுவை உயிரோடு விட்டதும், வனத்துறை அவர்களைப் பாராட்டியதும் நடந்திருக்கிறது.

கடற்பசுவும் கடல் ஆமையும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. இங்கேயும் முனை மழுங்கிய கத்திதான் தோலில் காயம் படாமல் அறுக்கும். அறுத்த வலைத் துண்டைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவர வேண்டும். விட்டால் அது பேய் வலையாகி அடுத்த உயிரைப் பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, வீட்டு உபயோகத்துக்காகவோ விவசாயத்துக்காகவோ மட்டும் செய்யப்பட்ட பொருட்கள் ஆயுதம் என்ற வரையறையில் வராது. ஆயுத விதிகளின் பட்டியல், வாள், குத்துவாள் போன்றவற்றோடு, அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையும் ஆயுதமாகக் குறிப்பிடுகிறது. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காக வடிவமைக்கப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. 9 அங்குலம் என்பது சுமார் 22.9 செ.மீ. படகுக்குத் தேவையான 4 அங்குலக் கத்தி இதில் பாதிகூட இல்லை.

அப்படியென்றால் எங்கேயும் கொண்டுபோகலாமா? இல்லை. குறிப்பிட்ட பகுதிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு விதிக்க இந்தச் சட்டம் இடம் தருகிறது. டெல்லியில் 1980ஆம் ஆண்டு அறிவிக்கை, ஸ்பிரிங் அல்லது பட்டனில் திறக்கும் கத்திகளுக்கு இதைவிடச் சின்ன அளவிலேயே கட்டுப்பாடு வைத்தது.

இன்னொன்றும் உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆவது பிரிவு, வெட்டக்கூடிய கருவியால் வேண்டுமென்றே காயப்படுத்துவதைத் தனிக் குற்றமாக்குகிறது. சாதாரணக் காயத்துக்கே 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம், கொடுங்காயம் என்றால் தண்டனை இன்னும் கடுமை. இந்தப் பிரிவு கத்தியின் அளவைப் பார்ப்பதில்லை. படகில் உயிர் காத்த கத்தி கரையில் ஒரு வாய்த்தகராறில் வெளியே வந்தால், அது வழக்கில் ஆயுதம்தான்.

கரைக்கு வந்தாச்சு, கத்தியை என்ன செய்யணும்?

படகிலேயே விட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் உறையில் போட்டு, வலை, தூண்டில் சாமான்களோடு பையில் வைக்க வேண்டும். தொழில் கருவி தொழில் சாமான்களோடு இருந்தால் போலீஸ் சோதனையில் விளக்கம் சொல்வது சுலபம். அதே கத்தி சட்டைக்குள் இடுப்பில் செருகியிருந்தால், மீனவர் என்று சொன்னாலும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

கோயில், பஸ், ரயில், டீக்கடை, திருவிழாக் கூட்டம் எங்கேயும் இடுப்பில் கத்தி வேண்டாம். மதுரையிலிருந்து விமானம் ஏறுபவர்கள் கைப்பையில் வைக்கவே முடியாது.

வாங்கும் முன் ஒரு சரிபார்ப்பு

• மடங்காதது, அலகு 3 முதல் 4 அங்குலம்
• மழுங்கிய முனை, பாதி பல் வைத்த வாய்
• கடினமாக்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அல்லது தினமும் கழுவி எண்ணெய் போடும் பட்டறைக் கத்தி
• வழுக்காத, பளிச் நிறப் பிடி
• தண்ணீர் வடியும், தலைகீழாக உதறினாலும் விடாத உறை
• இரண்டு கைக்கும் எட்டும் முன் இடுப்பு

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்கு பெயின்ட் அடித்து, இன்ஜின் பார்த்து, வலை பொத்தும் நாட்கள் அவை. அந்தப் பட்டியலில் கத்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். தீட்டிய கத்தி படகில் இருக்கும் ஒவ்வொருவர் இடுப்பிலும் இருக்கிறதா என்று கடலுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொண்டால் போதும். பெட்டியில் இருக்கும் கத்தி, கால் மாட்டியவருக்கு எட்டாது.