லாசா நகரும் அதன் விருந்தினரும்

'உலகின் கூரை' என்று கூறப்பெறும் திபெத்தின் தலைநகர் லாசா. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அந்நகர் அமைந்துள்ளது. 'தேவர்களின் இடம்' என்பது அப்பெயரின் பொருள். வாழ்நாளில் ஒரு முறையேனும் அந்நகரை வலம் வருதல் வேண்டும் என்பது திபெத்திய மக்களின் பெருவேட்கை. இன்று புகைவண்டியிலும் வானூர்தியிலும் சுற்றுலாப் பயணிகள் அங்குச் சென்று குவிகின்றனர்.

நூறாண்டுகளுக்கு முன்னர் நிலைமை வேறாக இருந்தது. மேனாட்டார் லாசாவைத் 'தடை செய்யப்பட்ட நகரம்' என்றே எழுதினர். அங்குச் செல்வோர் உயிரைப் பணயம் வைத்துச் சென்றனர் என்று பயண நூல்கள் பெருமையுடன் கூறுகின்றன. அது மெய்யே. ஆனால் பணயம் வைக்கப்பட்டது எவருடைய உயிர்? இவ்வினாவிற்கு வரலாறு கூறும் விடையை அறிந்துகொள்வது, இன்று அந்நகரைக் காணச் செல்வோர்க்கும் பயன் தருவதாகும்.

கோயிலும் அரண்மனையும்

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் திபெத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சோங்சென் கம்போ என்னும் மன்னன் லாசாவைத் தன் தலைநகராக்கினான். நேபாள நாட்டு இளவரசி ஒருத்தியையும் சீன நாட்டு இளவரசி ஒருத்தியையும் அவன் மணந்தான் என்பது திபெத்திய மரபு. அவன் காலத்தில் எழுந்ததே ஜோகாங் என்னும் கோயில். அங்குள்ள புத்தர் திருவுருவமே திபெத்தியர் அனைவர்க்கும் தலையாய வழிபடு பொருள்.

தொலைவிலிருந்து வருவோர் கண்ணில் முதலில் படுவது பொத்தாலா அரண்மனை. ஐந்தாம் தலாய் லாமா 1645இல் அதனைக் கட்டத் தொடங்கினார். வெள்ளை அரண்மனை முதலில் எழுந்தது. செந்நிற அரண்மனை அவர் மறைவுக்குப் பின்னர், 1694இல் நிறைவுற்றது. பதின்மூன்று அடுக்குகளும் ஆயிரத்திற்கு மேற்பட்ட அறைகளும் கொண்ட இவ்வரண்மனை, 1994இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனத்தால் உலக மரபுச் செல்வமாக ஏற்கப்பட்டது.

எனினும் அந்நகரின் உயிர்நாடி கட்டடங்களில் இல்லை. அவற்றைச் சுற்றி வரும் பாதைகளில் இருக்கின்றது. கோயிலுக்குள் ஒரு பாதை, கோயிலைச் சுற்றி ஒரு பாதை, பழைய நகர் முழுவதையும் சுற்றி ஒரு பாதை என வலம் வரும் வழிகள் மூன்று. பார்கோர் எனப்படும் நடுப்பாதையில் விடியற்காலையிலேயே மக்கள் வெள்ளம் வலமாகச் சுழலத் தொடங்கும். சிலர் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து, எழுந்து, வீழ்ந்த இடத்திலிருந்து மீண்டும் வீழ்ந்து, தம் உடலையே அளவுகோலாக்கி வழி முழுவதையும் அளப்பர். பல நூறு மைல் தொலைவிலிருந்து இவ்வாறே வந்து சேர்வோரும் உளர்.

கதவு மூடிய காலம்

லாசா தொன்றுதொட்டே அயலாரை வெறுத்த நகரம் என்னும் கருத்து தவறானது. நேபாளத்து நேவார் வணிகரும் காசுமீரத்து முசுலிம் வணிகரும் பல தலைமுறைகளாக அங்கு வாழ்ந்தனர். 1661இல் பீக்கிங்கிலிருந்து வந்த குரூபர், தோர்வில் என்னும் ஏசு சபைப் பாதிரிமார் இருவர் அந்நகரில் தங்கிச் சென்றனர். 1716இல் வந்த தெசிதேரி என்னும் இத்தாலியப் பாதிரியார், புத்த மடத்திலேயே தங்கித் திபெத்திய மொழியையும் சமய நூல்களையும் கற்றார். அம்மொழியிலேயே நூல்களும் எழுதினார். தம் சமயத்தை மறுக்க வந்தவருக்கும் தம் மடத்தில் இடம் கொடுத்துப் பாடம் சொன்ன பெருந்தன்மை அன்றைய லாசாவிற்கு இருந்தது.

கதவு மூடியதற்கு அரசியலே காரணம். 1788இலும் 1791இலும் நேபாளத்துக் கூர்க்காப் படை திபெத்தினுள் புகுந்தது. இரண்டாம் முறை தாசில்குன்போ என்னும் பெருமடத்தைச் சூறையாடியது. 1792இல் சீனப் பேரரசின் படை வந்து அவர்களைத் துரத்தியது. கூர்க்காக்களுக்குப் பின்னால் ஆங்கிலேயர் இருக்கக்கூடும் என்னும் ஐயமும் எழுந்தது. அதன் பின்னர் எல்லைக் காவல் இறுகியது. 1811இல் தாமசு மேனிங் என்னும் ஆங்கிலேயர் எவ்வாறோ லாசாவை அடைந்து, சிறுவராயிருந்த ஒன்பதாம் தலாய் லாமாவைக் கண்டார். 1846இல் வந்த பிரெஞ்சுப் பாதிரிமார் இருவரைச் சீன அதிகாரி விரைவில் வெளியேற்றினார். வெள்ளையர் நுழைய வழியில்லை என்றானபோது, ஆங்கிலேய அரசு இந்தியர்களை அனுப்பத் தொடங்கியது.

செபமாலை ஏந்திய தலைமையாசிரியர்

அவ்வாறு அனுப்பப்பட்டவர்களுள் முதன்மையானவர் நைன் சிங். இமயமலைச் சாரலில், குமாவுன் பகுதியிலுள்ள மிலாம் என்னும் சிற்றூரின் பள்ளித் தலைமையாசிரியர் அவர். 1863இல் இந்திய நில அளவைத் துறையினர் அவரையும் அவருடைய உறவினர் ஒருவரையும் டேராடூனுக்கு அழைத்துப் பயிற்சி அளித்தனர்.

மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவாகக் காலடி எடுத்து வைக்க அவர் பழகினார். புத்தர்களின் செபமாலையில் 108 மணிகள் இருப்பது வழக்கம். அவர் மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறு காலடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை முடியும்போது பத்தாயிரம் காலடி. அஃதாவது, ஏறத்தாழ ஐந்து மைல். கையிற் சுழற்றும் வழிபாட்டு உருளைக்குள் மந்திரச் சுருளுக்கு மாறாக அளவைக் குறிப்புகள் இருந்தன. விண்மீன்களின் உயரத்தை அளக்கும் கருவி பெட்டியின் இரகசிய அடித்தட்டில் கிடந்தது. பாதரசம் சோழிக்குள் இருந்தது. நீர் கொதிக்கும் வெப்பநிலையை அளந்து, அதனைக் கொண்டு ஊர்களின் உயரத்தை அவர் கணித்தார்.

1866 சனவரியில் நைன் சிங் லாசாவை அடைந்தார். மூன்று திங்களுக்கு மேல் அங்குத் தங்கினார். கைப்பொருள் தீர்ந்தபோது, நேபாள வணிகர்க்குக் கணக்கு முறை கற்பித்துப் பொருள் ஈட்டினார். மாறுவேடத்திலும் ஆசிரியத் தொழில் அவரைக் கைவிடவில்லை. காசுமீர வணிகர் இருவர் அவருடைய உண்மை உருவை அறிந்துகொண்டனர். அறிந்தும் அவர்கள் காட்டிக்கொடுக்கவில்லை; பணமும் கடனாகக் கொடுத்தனர். அது வெளிப்பட்டிருந்தால் அவர்கள் கதி என்னவாகியிருக்கும் என்பதை அடுத்து வந்தவரின் வரலாறு காட்டுகின்றது.

நைன் சிங்கின் உழைப்பால் லாசாவின் இடம் உலகப் படத்தில் முதன்முறையாகத் திருத்தமாகக் குறிக்கப்பட்டது. 1877இல் இலண்டன் அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

இரண்டாவது தலைமையாசிரியர்

வங்காளத்தவராகிய சரத் சந்திர தாசும் ஒரு தலைமையாசிரியரே. 1874இல் டார்ஜிலிங்கில் தொடங்கப்பெற்ற பூட்டியா உறைவிடப் பள்ளிக்கு அவர் தலைமை ஏற்றார். அப்பள்ளியின் திபெத்திய மொழியாசிரியர் உக்யென் கியாத்சோவின் துணையுடன், 1879இல் அவர் தாசில்குன்போ மடத்திற்குச் சென்றார். மடத்தில் உயர் பதவியிலிருந்த செங்சென் லாமா அவரை அன்புடன் வரவேற்றார். செங்சென் லாமா பெரும் புலவர். மேலை நாட்டு அறிவியலை அறியும் ஆவல் மிக்கவர். தாசு அவருக்குத் தாம் அறிந்தவற்றைக் கற்பித்தார்; அவரிடமிருந்து திபெத்திய நூல்களைக் கற்றார். ஆசிரியரும் மாணவருமாக இருவரும் மாறி மாறி அமர்ந்த நட்பு அது.

1881இல் தாசு மீண்டும் புறப்பட்டார். 1882இல் லாசாவையும் கண்டார். கியாஞ்சி நகரத்துப் பாலா என்னும் பெருங்குடும்பத்தினர் அவருக்கு உதவினர். அவர் கல்வியார்வம் பொய்யன்று. 1902இல் அவர் வெளியிட்ட திபெத்திய-ஆங்கில அகராதி இன்றும் அறிஞர்க்குப் பயன்படுகின்றது. ஆயினும் அவருடைய அறிக்கைகள் ஆங்கில அரசுக்கும் சென்றன. இதனை விருந்தோம்பியவர்கள் அறியார்.

சில ஆண்டுகளில் செய்தி வெளிப்பட்டது. பாலா குடும்பத்தினர் சிறைப்பட்டனர். 1887இல் செங்சென் லாமா ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். அவருடைய மறுபிறப்பைத் தேடிக் காண்பதற்கும் அரசு தடை விதித்தது. மறுபிறப்பில் நம்பிக்கையுடைய சமூகத்தில் அதனினும் கொடிய தண்டனை வேறில்லை. தாசோ டார்ஜிலிங்கில் பட்டங்களும் புகழும் பெற்று வாழ்ந்தார். அவர் வீட்டின் பெயர் 'லாசா வில்லா'.

அவ்வீட்டில் தங்கித் திபெத்திய மொழி கற்கத் தொடங்கியவர் எக்காய் கவாகுச்சி என்னும் ஜப்பானியத் துறவி. அவர் 1901இல் லாசாவை அடைந்து, சேரா மடத்தில் மாணவராகவும், நகரில் மருத்துவராகவும் விளங்கினார். தம் நாடு எதுவென்பது வெளிப்பட்டதும் 1902இல் தப்பி வெளியேறினார். அவருக்கு உதவியவர்கள் சிறைப்பட்டனர். ஆனால் கவாகுச்சி அதனுடன் நின்றுவிடவில்லை. செய்தி கேட்டதும் நேபாளத்திற்குச் சென்றார். அந்நாட்டுப் பிரதமரைக் கண்டு, தம் நண்பர்களை விடுவிக்க உதவுமாறு வேண்டினார். விருந்துண்ட கடனை உணர்ந்து திரும்பி நின்றவர் என்று அவரைக் கூறலாம்.

திபெத்தியர் கொண்ட ஐயம் வெறும் அச்சமன்று என்பதை 1904 காட்டியது. யங்கசுபண்டு தலைமையில் ஆங்கிலேயப் படை புகுந்தது. மார்ச்சு 31ஆம் நாள் குரு என்னுமிடத்தில் பழந்துப்பாக்கியும் வாளும் ஏந்திய திபெத்தியர் அறுநூற்றுவருக்கு மேற்பட்டோர் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு இரையாயினர். ஆகத்து மாதத்தில் படை லாசாவை அடைந்தது. அளவையாளர் எண்ணிய காலடிகள் படைக்கு வழிகாட்டும் படங்களாயின. தாசுக்கும் கவாகுச்சிக்கும் உதவியதற்காக அன்றும் சிறையில் கிடந்த சிலர், அப்படையின் வேண்டுகோளாலேயே விடுதலை பெற்றனர்.

இன்றைய லாசா

1951இல் திபெத் சீன ஆட்சியின் கீழ் வந்தது. 1959 மார்ச்சில் லாசாவில் மக்கள் எழுச்சி நிகழ்ந்தபோது, பதினான்காம் தலாய் லாமா இந்தியாவில் அடைக்கலம் புகுந்தார். 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் ஜோகாங் கோயிலும் சேதமுற்றது. 1980களில் நகரம் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. 2006 சூலை முதல் நாளில் புகைவண்டி வந்தது. அவ்வழியில் தாங்குலா கணவாய் 16,600 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது.

மாறுவேடம் இன்று வேண்டியதில்லை. ஆனால் சீனாவிற்குள் செல்லும் அனுமதி மட்டும் போதாது. வெளிநாட்டவர் திபெத்திற்கெனத் தனி அனுமதி பெறல் வேண்டும். பயண நிறுவனத்தின் வழியாக, வழிகாட்டியுடன் செல்லல் வேண்டும். பொத்தாலாவைக் காணவும் நாளும் நேரமும் வரையறுக்கப்பட்டுள்ளன. 2008இல் நிகழ்ந்த கலவரத்திற்குப் பின்னரும், 2012இல் ஜோகாங் கோயிலருகே இருவர் தீக்குளித்ததற்குப் பின்னரும் காவல் மிகுந்தது. பிற மாநிலத் திபெத்தியர் தம் புனித நகருக்கு வருவதற்கும் கட்டுப்பாடுகள் ஏற்பட்டன. அயல்நாட்டான் சீட்டு வாங்கிக்கொண்டு நுழையும் வாயிலில், அந்நகரையே தெய்வமாக எண்ணுபவன் தடுத்து நிறுத்தப்படும் நிலையும் உண்டாயிற்று.

அங்குச் செல்வோர் முதல் நாள் ஓய்வு கொள்ளல் நலம். உயிர்வளி குறைந்த காற்றில் தலைநோவும் மூச்சுத் திணறலும் தோன்றும். கோயிலைச் சுற்றுங்கால் வலமாகவே சுற்ற வேண்டும். வீழ்ந்து வணங்குவோரின் முகத்தெதிரே ஒளிப்படக் கருவியை நீட்டலாகாது. இவையெல்லாம் எல்லாரும் கூறும் அறிவுரைகள். இன்னும் ஒன்று உண்டு. அந்நாட்டில் தலாய் லாமாவின் படம் வைத்திருப்பதும் குற்றம். பயணியின் நடத்தைக்கு உடன் வரும் வழிகாட்டி பொறுப்பாளி. ஆகவே, அரசியல் பற்றி வழிகாட்டியிடம் பொதுவிடத்தில் வினவுவதும், அவர் கூறியவற்றைப் பெயரோடு வெளியிடுவதும் பயணிக்குப் பெரும்பாலும் தீங்கு செய்யா. அவன் மறுவாரம் தன் வீட்டில் இருப்பான். வழிகாட்டியோ லாசாவிலேயே இருப்பார்.

நைன் சிங்கும் சரத் சந்திர தாசும் அறிவை வளர்த்தவர்கள். அவர்கள் துணிவு போற்றத்தக்கது. ஆயினும் பாடநூல்களில் அவர்கள் பெயர் இடம்பெறும்போது செங்சென் லாமாவின் பெயரும் இடம்பெற வேண்டும். லாசாவைக் கண்டு திரும்பியவர்களின் பட்டியல் நீண்டது. அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு, பின்னர் அதற்கு விலை கொடுத்தவர்களின் பட்டியலையும் சேர்த்துப் படித்தால்தான் அந்நகரின் வரலாறு முழுமை பெறும்.