தரிசு என்று பதிவான காடு

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பக்கத்து ஊர்களில் கோடரி நுழையாத நிலம் உண்டு. ஓரண் என்பார்கள். ஒரு தேவியின் பெயரிலோ, பசுக்களைக் காக்கப் போராடி உயிர்விட்ட பாபுஜியைப் போன்ற வீரரின் பெயரிலோ ஊரார் விட்டுவைத்த மேய்ச்சல் காடு அது. ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் மேயலாம். பச்சை மரத்தை வெட்டக்கூடாது, ஏர் பூட்டக்கூடாது. வேலியோ காவலாளோ இல்லாமல், சாமிக்கு அஞ்சியே பல தலைமுறைகளாக நிற்கும் காடு.

மின்கோபுரம் நிறுத்தும் வேலையில் சில காலம் அங்கே இருந்தேன். எங்களிடம் இருந்த வரைபடத்தில் ஓரண் என்ற பெயரே கிடையாது. அரசுத் தரிசு என்று போட்டிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டு வந்த பெரியவர், "சாப், இது மாதாஜியோட இடம். இங்கே குழி தோண்டாதீங்க" என்றார். வரைபடம் சொன்னதும் அவர் சொன்னதும் ஒரே நிலத்தைப் பற்றித்தான். பாலைவனச் சூரிய மின்சாரத்துக்கு இன்று எழுந்திருக்கும் எதிர்ப்பெல்லாம் இந்த முரணிலிருந்து கிளம்பியது என்பது என் எண்ணம்.

உழாத நிலம் வரி தராது. வரி தராத நிலம் கணக்குப் புத்தகத்தில் வெறும் நிலம். வெள்ளையர் கால வருவாய்த் துறையில் ஊறிய பார்வை இது. சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானங்கள் ராஜஸ்தானோடு இணைந்து நில அளவை நடந்தபோது, ஓரண்கள் பல இப்படித்தான் அரசுத் தரிசாகப் பதிவாயின. அங்கே ஆடு மேய்த்தவரிடம் பட்டா ஏது? 1974-லும் 1998-லும் அணுகுண்டுச் சோதனைக்குப் பொக்ரானைத் தேர்ந்ததிலும், பாலை என்றால் ஆளற்ற வெளி என்ற நினைப்பு இருந்தது. 2010-இல் தேசியச் சூரிய மின் திட்டம் வந்தது. 2015-இல் இலக்கு 1 லட்சம் மெகாவாட்டாக உயர்ந்தது. அதே பாலையின் பாட்லாவில் ஏறக்குறைய 14,000 ஏக்கரில் 2,245 மெகாவாட் பூங்கா எழுந்தது.

ஆளற்றது என்று நினைத்த அந்த வெளி எவ்வளவு நுணுக்கமாக ஆளப்பட்டது என்பதற்குக் காடின் என்னும் மழைநீர் வேளாண்மை ஒன்றே போதும். 15-ஆம் நூற்றாண்டில் பாலிவால் பிராமணர்கள் தொடங்கியதாகச் சொல்லப்படும் முறை. ஜெய்சல்மேரில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 200 மில்லிமீட்டர்தான். கல்லும் சரளையுமான மேட்டில் விழும் மழை வழிந்து வந்து, தாழ்வில் கட்டிய நீண்ட மண்கரையில் தேங்கும். நீர் மண்ணில் இறங்கியபின், அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அந்த மேட்டில் பயிர் எதுவும் விளையாது, ஆனால் கீழே விளைவதற்கு அதுதான் தாய். மேட்டைச் சமன்படுத்திச் சூரியத் தகடுகளை நட்டு வடிகால் வெட்டினால், கீழே இருக்கிற காடினுக்கு நீர் வராது. தகடுகளில் படியும் புழுதியைக் கழுவவும் அங்கே தண்ணீர் வேண்டும்.

மரத்தின் கதை இன்னும் கனமானது. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியை அங்கே கேஜ்ரி என்பார்கள். 1730-இல் ஜோத்பூர் அரண்மனைக்காகக் கேஜ்ரி மரங்களை வெட்ட வந்தபோது, கேஜர்லியில் அம்ரிதா தேவி தொடங்கி பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்து வெட்டுப்பட்டுச் செத்தார்கள். அதே கேஜ்ரி சூரிய மின் நிலையங்களுக்காகச் சாய்க்கப்படுவதை எதிர்த்து, 2024 முதல் பிகானேரில் மக்கள் உட்கார்ந்து போராடினார்கள். வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்பவர்கள் என்று இவர்களைச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நிலக்கரியைக் கைவிட்டே ஆக வேண்டும் என்பதில் எனக்குக் கடுகளவும் ஐயமில்லை. அதற்கான விலையை, கரியே எரிக்காத மேய்ப்பர் ஏன் கொடுக்க வேண்டும்?

கானமயிலும் இந்த விலையைக் கொடுக்கிறது. ஒருகாலத்தில் தமிழ்நாட்டிலும் திரிந்த பறவை. இன்று இயற்கையில் மிஞ்சியிருப்பவை ஏறக்குறைய 150தான், பெரும்பாலும் ஜெய்சல்மேர் பக்கத்தில். ஆண் பறவை 15 கிலோ வரை எடை ஏறும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் எதிரே வரும் மின்கம்பி சரியாகத் தெரியாது. தெரிந்தாலும் அந்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது, மோதிச் சாகிறது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அதன் வாழிடங்களில் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. உயரழுத்தக் கம்பிக்கு அது தொழில்நுட்ப ரீதியில் கடினம், செலவும் அதிகம் என்று அரசு வாதிட்டது. 2024 மார்ச்சில் நீதிமன்றம் அந்த உத்தரவைத் தளர்த்தி, எங்கே எதைப் புதைப்பது என்று பார்க்க நிபுணர் குழு அமைத்தது.

ஓரணுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது, தமிழ்நாட்டில் பிறந்த ஒரு வழக்கில். நீலகிரியின் கூடலூரில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் தொடுத்த வழக்கு, இந்தியக் காடுகள் அனைத்துக்குமான வழக்காக வளர்ந்தது. அதில் 2024 டிசம்பர் 18 அன்று, ராஜஸ்தானின் ஓரண்களை நிலத்திலும் செயற்கைக்கோள் படத்திலும் அளந்து காடாக அறிவிக்கும்படி தீர்ப்பு வந்தது. அளக்கப் போகிறவர்கள் பழைய பதிவேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் பழைய கதைதான் திரும்ப நடக்கும். ஓரணின் எல்லை பதிவேட்டில் இல்லை, மேய்ப்பர்களின் நினைவில் இருக்கிறது. அளவைக் குழு ஒவ்வொன்றிலும் அவர்களுக்கு இடம் வேண்டும். அந்த அளவை முடியும்வரை ஜெய்சல்மேரில் ஒரு பிகா நிலம்கூடப் புதிதாகக் குத்தகைக்குப் போகக்கூடாது.