பிரேக், வீல் பழுது: மெக்கானிக் தரும் பட்டியலைப் புரிந்துகொள்வது எப்படி?

அனுப்பம்பட்டு, பொன்னேரி, பழவேற்காடு பகுதிகளில் நெல் மூட்டை, காய்கறி, மீன் பெட்டி ஆகியவை குட்டி யானை போன்ற சிறிய சரக்கு வண்டிகளில் சந்தைக்குப் போகின்றன. சர்வீஸுக்கு விட்டால் "பேட் தேய்ந்திருக்கு, பேரிங் சத்தம் போடுது, டயர் மாத்தணும்" என்று மெக்கானிக் ஒரு பட்டியல் தருவார். எது அவசரம், எது காத்திருக்கலாம் என்று தெரியாமல் சிலர் எல்லாவற்றுக்கும் பணம் கட்டுகிறார்கள். சிலர் எல்லாவற்றையும் அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடுகிறார்கள். முன்னதில் பணம் போகும். பின்னதில் உயிரே போகலாம். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் "அளவு எவ்வளவு? காட்டுங்கள்" என்று கேட்டுப் பழகுங்கள்.

பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்

1. வண்டியை எடுக்கவே கூடாதவை: பிரேக் ஆயில் கசிவு, மிதித்தால் அடிவரை போகும் பெடல், இரும்போடு இரும்பு உரசும் சத்தம், ஆடும் சக்கரம், பக்கவாட்டில் வீங்கிய டயர்.
2. சில வாரங்களுக்குள் செய்ய வேண்டியவை: 3 மி.மீ. அளவுக்குத் தேய்ந்த பேட், கெடு கடந்த பிரேக் ஆயில், ஒரு பக்கம் இழுக்கும் ஸ்டீயரிங்.
3. கவனித்துவந்தால் போதுமானவை: டிஸ்க் மேல் லேசான துரு, பாதி தேய்ந்த பேட்.

பிரேக்

பல சரக்கு வண்டிகளில் முன்னால் டிஸ்க் பிரேக்கும் பின்னால் டிரம் பிரேக்கும் இருக்கும். புதிய பேடில் உராயும் பகுதி சுமார் 10 மி.மீ. கனம் இருக்கும். 3 மி.மீ.க்கு வந்தால் மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். 2 மி.மீ. ஆகிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். பேடையோ ஷூவையோ மாற்றும்போது இடது, வலது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

காலையில் முதல் சில தடவை பிரேக் பிடிக்கும்போது மட்டும் உரசல் சத்தம் வந்து பிறகு நின்றுவிட்டால், அது பனியால் டிஸ்க் மேல் படிந்த துரு. அதற்குச் செலவு தேவையில்லை. சத்தம் நாள் முழுவதும் தொடர்ந்தால் காட்டுங்கள்.

"டிஸ்க்கையே மாத்தணும்" என்றால் கனத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தாலோ, விரிசல் அல்லது ஆழமான கீறல் இருந்தாலோ மெக்கானிக் சொல்வது சரி.

பிரேக் ஆயில் குறைகிறது என்றால் பேட் தேய்ந்திருக்க வேண்டும் அல்லது எங்கோ கசிய வேண்டும். காரணம் பார்க்காமல் ஊற்றி நிரப்பினால் பழுது தீராது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். பாரத்தோடு அடிக்கடி பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்தால் பெடல் பிடிமானம் இல்லாமல் கீழே போகும். எனவே பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மூடியில் போட்டிருக்கும் வகையையே ஊற்ற வேண்டும். இன்ஜின் ஆயிலை ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.

சக்கரமும் டயரும்

வேகம் கூடக்கூட ரீங்காரமும் கூடினால் வீல் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் பாரம் ஏற்றாதீர்கள்.

மோட்டார் வாகன விதிப்படி நான்கு சக்கர வண்டியின் டயர் பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றியாக வேண்டும். தேய்மானம் காரணத்தையும் சொல்லும்:

• இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு
• நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம்
• ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் பெரும்பாலும் அலைன்மென்ட் கோளாறு

அலைன்மென்ட் பார்க்காமல் டயரை மட்டும் மாற்றினால் புது டயரும் அதேபோல் தேயும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண் தயாரித்த காலத்தைக் குறிக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம்.

சக்கரம் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

உப்பு செய்யும் சேதம்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஊர்களில் உப்புக் காற்று வண்டியின் அடிப்பாகத்தை அரிக்கும். மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் இன்னும் வேகமாக அரிக்கும். பிரேக் குழாய், காலிபர் பின், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவை முதலில் பாதிக்கப்படும். மீன் ஏற்றிய நாளில் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழுவியதும் மெதுவாக ஓட்டி, லேசாகப் பிரேக் பிடித்து ஈரத்தைப் போக்குங்கள். "பிரேக் குழாய் துருப்பிடித்திருக்கு" என்று மெக்கானிக் சொன்னால் அலட்சியம் வேண்டாம். அரித்த குழாய் அழுத்திப் பிடிக்கும் நேரத்தில்தான் உடையும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

வயலில் திருப்புவதற்காக இடது, வலது பிரேக் பெடல்கள் தனித்தனியாக இருக்கும். சாலைக்கு வரும்போது இரண்டையும் கொக்கியால் இணைத்தே ஓட்ட வேண்டும். சேற்றுழவு முடிந்ததும் பிரேக் இரு பக்கமும் சமமாகப் பிடிக்கிறதா என்று சோதியுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

• அளவு எத்தனை மி.மீ.? குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும்?
• செய்யாமல் ஓட்டினால் என்ன ஆகும்?
• பொருள் விலை தனியாக, லேபர் தனியாக எவ்வளவு?
• கழற்றிய பழைய பொருளைத் தருவீர்களா?
• வாரண்டி உண்டா?

வேலை தொடங்கும் முன்பே எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். முடிந்ததும் பில் வாங்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு வேலை சரியாகச் செய்யாவிட்டால், பில்லை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

சரக்கு வண்டிகளுக்கு முதல் 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். எப்.சி. இருந்தாலும் இடைப்பட்ட காலத்தில் பேடும் டயரும் தேயும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாத சம்பா அறுவடைக்கு மூட்டை ஏற்றும் முன், மார்கழியிலேயே ஒருமுறை நான்கு சக்கரங்களையும் கழற்றி பிரேக்கைப் பார்த்துவிடுங்கள்.