உளவியலாளரும் உளச்சிகிச்சையாளரும்: தென்மராட்சி அனுபவத்தின் வழி ஒரு நோக்கு

உளத்தின் இயல்பை ஆராய்பவர் ஒருவர். உளம் நொந்தவர்க்குத் துணைசெய்பவர் மற்றொருவர். இவ்விருவரும் ஒருவரே என்ற மயக்கம் கற்றாரிடையேயும் உண்டு. 1879இல் ஜேர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வூண்ட் நிறுவிய ஆய்வுகூடத்தை நோயாளர் எவரும் நாடிச் சென்றிலர். புலனுணர்வும் எதிர்வினைக் காலமுமே அங்கு அளக்கப்பட்டன. 1896இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் லைற்னர் விற்மர் தொடங்கிய நிலையத்திலேதான், கற்க இடர்ப்பட்ட பிள்ளைகளின் பொருட்டு அவ்வறிவு கையாளப்பட்டது.

சிகிச்சை செய்யும் உரிமை யாருக்கு என்ற வினா வியன்னாவில் வழக்காகவே வெடித்தது. தியோடோர் றைக் உளவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர், மருத்துவரல்லர். அவர் போலி மருத்துவம் செய்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டபோது, சிக்மண்ட் பிராய்ட் 1926இல் ஒரு நூலே எழுதி அவர் பக்கம் நின்றார். உளப்பகுப்புக்கு மருத்துவப் பட்டம் இன்றியமையாததன்று, அதற்கெனத் தனிப் பயிற்சியே வேண்டும் என்பது பிராய்டின் வாதம். உளவியற் பட்டம் மாத்திரமும் அதற்குப் போதாது என்பது அவ்வாதத்திலேயே அடங்கியுள்ளதை நம்மவர் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இலங்கையில் இவ்வினா எழ இடமே இருக்கவில்லை. 1873ஆம் ஆண்டுச் சட்டம் அறிந்ததெல்லாம் நோயாளர், நீதிமன்று, மருத்துவர், அடைத்துவைக்கும் இல்லம் என்பனவே. கொழும்புக்கு அயலிலுள்ள அங்கொடை என்ற ஊர்ப்பெயர் யாழ்ப்பாணத்தில் வசைமொழியாகவும் வழங்கிற்று. அங்கு செல்லாதவர்க்குப் பரியாரியாரும் கோயிற் பூசகரும் இருந்தனர். அவர்கள் செய்ததிற் பெரும்பகுதி உளச்சிகிச்சையே எனினும் அப்பெயரை எவரும் அதற்கு இட்டிலர்.

இந்நிலையை மாற்றியது கல்விக்கூடமன்று, போர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழி வழியே தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். சாவகச்சேரி, கொடிகாமம் முதலிய ஊர்களிற் பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் உறவினர் வீட்டுத் திண்ணைகளும் நிரம்பின. 1996 ஏப்பிரலில் அவர்களிற் பெரும்பாலோர் மீண்டனர். 2000ஆம் ஆண்டில் ஆனையிறவு வீழ்ந்தபின் தென்மராட்சி மக்களே ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. உறக்கமின்மை, நெஞ்செரிவு, உடம்புளைவு, காரணந்தெரியாப் பெருமூச்சு என உடலின் முறைப்பாடுகளாகவே துயர் வெளிப்பட்டது. வெளிநோயாளர் பிரிவில் அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் வில்லைகளே.

குடாநாட்டில் உளமருத்துவர் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993இல் 'மனவடு' என்னும் தமிழ் நூலை வெளியிட்டவர். அவரும் அவரைச் சார்ந்தோரும் ஆசிரியர், சமூகப் பணியாளர் முதலியோரைப் பயிற்றிச் சிகிச்சையின் ஒரு பகுதியை அவர்கள் கையில் ஒப்படைத்தனர். சைவர்க்குப் பிராணாயாமமும் ஓங்கார உச்சாடனமும், கத்தோலிக்கர்க்குச் செபமாலையும் தளர்வுப் பயிற்சிகளாகக் கையாளப்பட்டன. உளவியலிற் பட்டம் பெறாத ஒருவர் உளச்சிகிச்சையின் ஒரு கூறை முறையாகச் செய்தல் கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இப்பணியாளரை எவ்வாறு அழைப்பது என்பதிற் தமிழ் தடுமாறிற்று. உளவளத்துணை, சீர்மியம், ஆற்றுப்படுத்தல் என மூன்று சொற்கள் போட்டியிட்டன. இவற்றுள் ஆற்றுப்படுத்தல் அழகியது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் பழைய மரபை அது நினைவூட்டுகின்றது. ஆயினும் அரச வழக்கில் நிலைபெற்றது உளவளத்துணையே.

பெயர்மயக்கம் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. காதில் யாரோ பேசுவதாகக் கூறும் இளைஞனை மாதக்கணக்கில் உரையாடலாலேயே தேற்ற முயன்றால் அவனுக்கு மருந்து பிந்துகின்றது; உளமருத்துவரிடம் அவனை அனுப்பவேண்டும் என்று அறிவதும் துணையாளரின் கடமையே. நுண்மதிச் சோதனை வேண்டிய பிள்ளைக்கு அதிற் பயிற்சி பெற்ற உளவியலாளரே தேவை. பிரித்தானியாவிற்கூட 2009 முதல் 'சிகிச்சை உளவியலாளர்' என்ற பட்டப்பெயரே சட்டக் காப்புடையது. 'உளச்சிகிச்சையாளர்' என்பதற்கு அக்காப்பு இல்லை. ஆகவே பெயர்ப்பலகையைப் பார்த்து அமைதல் ஆகாது, பெற்ற பயிற்சி யாது எனக் கேட்டல் வேண்டும்.

2009இல் வன்னியிலிருந்து வந்தோர் சிலர் கொடிகாமத்து இராமாவில் முகாமில் வைக்கப்பட்டனர். கணவன் உயிரோடிருக்கிறானா என்றறியாத பெண்கள் வடபுலமெங்கும் பலர். தாலியைக் கழற்றுவதா, ஆண்டுத் திவசம் செய்வதா என்பது அவர்களது கேள்வி. வியட்நாம் போரிற் காணாமற்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பொஸ், இதற்குத் 'தெளிவற்ற இழப்பு' எனப் பெயரிட்டார். அவர் ஆய்வாளராகவும் குடும்பச் சிகிச்சையாளராகவும் விளங்கியவர். முடிவை வற்புறுத்தலாகாது என்பது அவ்வாய்வு தந்த அறிவு. அவ்வறிவைக் கொண்டு, திவசம் செய்யென்றோ செய்யாதேயென்றோ சொல்லாமல், அப்பெண்ணின் வீட்டுத் திண்ணையிற் கிழமைதோறும் சென்றமர்வது துணையாளரின் பணி.