ஹாண்டிலின் கழுத்து

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் ஊரில் இன்னமும் ஓடுகிற பழைய றலி சைக்கிள்களைக் கவனித்திருப்பீர்கள். செயின்வீலில் கொக்கு உருவம் அப்படியே இருக்கும். ஹாண்டில் மட்டும் வேறொரு வண்டியினுடையதாக இருக்கும். இது எப்படி நடந்தது?

கம்பி பிரேக் வைத்த வண்டிகளில் ஹாண்டிலும் அதன் கழுத்துத் தண்டும் ஒரே துண்டு. கழுத்து வெடித்தால் பிரேக் பிடிகளோடு முழுவதையும் மாற்ற வேண்டும். நல்ல வேளையாகத் தண்டின் பருமன் பெரும்பாலான கம்பனிகளுக்கு ஒன்றுதான்: 22.2 மில்லிமீற்றர், அதாவது முக்கால் அங்குலமும் அரைக்கால் அங்குலமும். உள்ளே இறங்கும் நீண்ட போல்ட்டை இறுக்க, அடியிலுள்ள கூம்பு மேலேறித் தண்டை விரித்துப் பிடிக்கும். றலிக்காரன் போர்க் நட்டில் அங்குலத்துக்கு 26 புரி வெட்டினான், மற்றவர்கள் 24. ஆகவே நட்டு மாறாது, ஆனால் கழுத்து மாறும். 1949இல் தொடங்கிய அம்பத்தூர் ரீ.ஐ. ஆலையின் ஹேர்குலிஸ் ஹாண்டில்கூட நொட்டிங்ஹாம் போர்க்கினுள் இறங்கும்.

இந்த ஒற்றுமைதான் எங்களைக் காப்பாற்றியது. 1970க்குப் பிந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் மிளகாய், வெங்காயம் செய்த கமக்காரரிடம் காசு இருந்தது, கடையில் சாமான் இல்லை. அது சிறிய சோதனை. பெரியது 1990இல் வந்தது. பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. நோயாளி, விறகு, நெல்மூட்டை எல்லாம் சைக்கிளில்தான். றேடியோவுக்கு மின்சாரமும் சைக்கிள் டைனமோதான். பாரம் தொங்கத் தொங்கக் கழுத்து வெடிக்கும். மாற்றுக்குப் பழைய இரும்புக் கடையைத்தான் கிளற வேண்டும்.

யாழ் நகரில் அந்தக் கடைகள் பல எங்கள் சோனகத் தெரு ஆட்களுடையவை. 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். குவித்து வைத்த இரும்பும், ஓடித்திரிந்த சைக்கிளும் இங்கேயே நின்றுவிட்டன. சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே திகதியில், வலிகாமத்துச் சனம் சைக்கிள் கரியலில் வீட்டையே கட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியது. இரண்டையும் ஒரே பந்தியில் எழுதுவதைச் சிலர் விரும்பமாட்டார்கள். வரலாறு படிப்பிக்கிற நான் பிரித்து எழுத மாட்டேன்.

2002இல் ஏ9 திறந்தபின் புது மொடல்கள் தாராளமாக வந்தன. சிலவற்றின் தண்டு 25.4, பழைய போர்க்கினுள் போகாது. சிலவற்றினது 21.1, ஆடிக்கொண்டு இறங்கும். தகரம் சுற்றி இறுக்கித் தருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், பள்ளத்தில் விழுந்தால் ஹாண்டில் கையோடு வரும். பொருத்தும்போது தண்டிலுள்ள எல்லைக்கோடு வெளியே தெரியக்கூடாது. கடற்காற்றில் கறள்பிடித்து இறுகியதை முறுக்கி உடைக்காதீர்கள். மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வையுங்கள், போல்ட்டை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, தலையில் மரக்கட்டை வைத்துத் தட்டினால் கூம்பு கீழே விழும்.

மீளக்குடியேறியவர்களில் பலர் இன்றும் தெருத்தெருவாகப் பழைய இரும்பு எடுக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: கம்பி பிரேக் ஹாண்டில் முழுதாக வந்தால் நிறுவைக்குப் போடாமல் ஒதுக்கி வையுங்கள். வீட்டுப் பின்வளவில் பழைய வண்டி நிற்பவர்கள், அதன் ஹாண்டில் எந்த வருடம், எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பட்டியல் தொடங்கியிருக்கிறோம்.