பக்கவாதமும் பேச்சிழப்பும் (கன்னியாகுமரி மாவட்டம்)

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது பக்கவாதம். பலருக்குப் பேச்சும் சேர்ந்தே போகும். குமரி மாவட்டத்தில் இது நெடுங்காலம் கைகால் நோயாகவே கருதப்பட்டது. நாக்குக் குழறுவதைத் தனியாகக் கவனித்தவர் குறைவு.

யூகி முனிவர் பெயரில் வழங்கும் சித்த மருத்துவ மரபு வாத நோய்களை 80 என வகுக்கிறது. பக்கவாதமும் அதில் அடங்கும். விளவங்கோடு, கல்குளம் பகுதிகளின் வர்ம ஆசான்கள் 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 வர்மங்களைக் கணக்கிட்டு, தளர்ந்த கைகாலுக்கு எண்ணெயிட்டுத் தடவி மாதக்கணக்கில் பார்த்தனர். நோய் வந்த பின்னான பராமரிப்பில் இம்மரபின் பொறுமை பெரிது. மூளைக்குள் அடைப்பா, கசிவா என்று அறிய மட்டும் வழியில்லை. ஆங்கில மருத்துவத்துக்கும் அப்போது அது இல்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். நெய்யூரில் லண்டன் மிஷனின் மருத்துவப் பணி 1838இல் தொடங்கியது. எவரெஸ்ட் ஏறச் சென்ற சாமர்வெல் பின்னாளில் அங்கே பெயர்பெற்ற அறுவை மருத்துவரானார். ஆனால் உயிரோடிருப்பவரின் மூளையைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் 1971இல்தான் வந்தது.

பேச்சுக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு அதற்கு வெகு முன்பே தெரிந்திருந்தது. 1861இல் பாரிஸில் பால் புரோக்கா, 'டான்' என்ற ஓரசை தவிர வேறெதுவும் பேச இயலாத ஒருவரின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடப்பக்க முன்பகுதியில் சேதத்தைக் கண்டார். சரளமாகப் பேசியும் பொருள் புரியாத மற்றொரு வகையை 1874இல் வெர்னிக்கே விளக்கினார்.

இன்றைய மதிப்பீடும் இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது. சொல் தெரிந்தும் நாக்கு வளையாதது உச்சரிப்புக் கோளாறு. சொல்லே எழாததும், கேட்டது விளங்காததும் பேச்சிழப்பு. பேனாவைக் காட்டிப் பெயர் கேட்பார்கள். ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொல்லச் சொல்வார்கள். கண்ணை மூடச் சொல்லிப் பார்ப்பார்கள். வாய் கோணுவதெல்லாம் பக்கவாதமும் அல்ல: முகநரம்பு வாதத்தில் நெற்றியும் சுருங்காது, பக்கவாதத்தில் பெரும்பாலும் சுருங்கும். ஆனாலும் இதை வீட்டில் வைத்து முடிவுகட்டக் கூடாது.

குமரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. களியக்காவிளைப் பக்கம் வீட்டில் மலையாளம் பேசி, பள்ளியில் தமிழ் படித்தவர் பலர். பக்கவாதத்துக்குப் பின் இரு மொழிகளும் ஒரே அளவில் மீள வேண்டுமென்பதில்லை. ஒரு மொழியில் மட்டும் கேட்டுவிட்டு, அதுவும் பழகாத ஏட்டுத் தமிழில் கேட்டுவிட்டு, பேச்சு போய்விட்டது என்று எழுதுவது தவறான மதிப்பீடு. நோயாளியின் வீட்டுமொழி எதுவென்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து 1996இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கசிவு இல்லையென ஸ்கேன் காட்டிய பிறகே போடலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி 2001இல் வந்தது. 108 ஆம்புலன்ஸ் தமிழகத்தில் 2008 முதல் ஓடுகிறது. அருகிலுள்ள திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம் உள்ளது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இரத்த அழுத்த மாத்திரையையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. பேச்சுப் பயிற்சிக்கு அந்த அளவு ஏற்பாடு இன்னும் வேண்டும்.

முகம் கோணினாலோ, கை தாழ்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108ஐ அழையுங்கள். விழுங்க முடிகிறதா என்று மருத்துவர் பார்க்கும்வரை தண்ணீரோ மாத்திரையோ வாயில் கொடுக்காதீர்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.