33 டிகிரியும் 36.8 டிகிரியும்

மூச்சு நின்று பிழைத்த குழந்தையின் உடம்பைக் குளிர வைத்தால் மூளை தப்புமா? நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார். எந்தக் குழந்தை, எந்த ஊர் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

1950களின் கடைசியில் ஸ்வீடனில் பியோர்ன் வெஸ்டின், பிறந்தும் மூச்சு விடாத சில குழந்தைகளைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துப் பார்த்தார். பெரும்பாலும் பிழைத்தன. ஆனால் ஒப்பிட இன்னொரு குழு இல்லை. அதே சமயம், 1958ல், நியூயார்க்கில் வில்லியம் சில்வர்மேன் குறைமாதக் குழந்தைகளை முறையாகவே சோதித்தார். இன்குபேட்டரைச் சில டிகிரி கூடுதல் சூட்டில் வைத்தால் அதிகம் பேர் பிழைத்தார்கள். சரியான ஆய்வுதான். ஆனா இவர் பார்த்தது குறைமாதக் குழந்தைகளை, அவர் பார்த்தது மூச்சுத்திணறிய குழந்தைகளை. இந்த வித்தியாசம் மறந்து, குளிர்ச்சி பல வருஷம் ஓரங்கட்டப்பட்டது என்பது என் கணிப்பு.

திரும்ப வந்ததற்குக் காரணம் லண்டனில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் குழு 1980களில் கண்டது. அடிபட்ட மூளை முதலில் தேறுகிறது. பல மணி நேரம் கழித்துத்தான் மறுபடி சரிகிறது. நடுவில் அவகாசம் இருக்கு! நியூசிலாந்தில் ஆலிஸ்டர் கன் ஆட்டுக் கருவில் சோதித்தார். 2005ல் பச்சிளங்குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வுகள் வெளியாகின. 6 மணி நேரத்துக்குள் தொடங்கி, 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைப்பது பணக்கார நாடுகளில் வழக்கமானது.

அப்போ பெரிய பிள்ளைகளுக்கு? தலையில் அடிபட்ட 225 பேரிடம் செய்த ஆய்வு 2008ல் வந்தது, பலன் இல்லை. 2015ல், ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்ற பிள்ளைகள். 33 டிகிரியில் வைத்தவர்களில் 20 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழித்து நல்லபடியாக இருந்தார்கள், 36.8ல் வைத்தவர்களில் 12. தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவு வித்தியாசம் இல்லை.

இங்கே ஒண்ணு கவனிங்க. அந்த 36.8 குழுவைச் சும்மா விடவில்லை. மெஷின் வைத்து, காய்ச்சலே ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். இதயம் நின்று மீண்டவர்களுக்குக் காய்ச்சல் சகஜம், அது மூளைக்குக் கெடுதல். இன்றைய வழிகாட்டுதல்கள் 36 முதல் 37.5 வரை வைப்பதையும் ஏற்கின்றன; காய்ச்சலைத் தடுப்பது கட்டாயம்.

கடைசியா நம்ம பக்கம். 2021ல் ஹீலிக்ஸ் ஆய்வு வந்தது. சென்னை உட்பட இந்திய நகரங்கள், இலங்கை, வங்கதேசத்தில் 408 பச்சிளங்குழந்தைகள். குளிர வைத்தவர்களில் 42 சதவீதம் இறந்தார்கள், வைக்காதவர்களில் 31. பிரசவத்துக்கு முன்பே மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். தீவிர சிகிச்சை வசதி இருந்தாலும் இந்த நாடுகளில் இதைத் தரக்கூடாது என்றார்கள் ஆய்வாளர்கள். எல்லா டாக்டர்களும் அதை ஒப்புக்கொள்ளவில்லை, விவாதம் நடக்குது.